மயிலுக்குப் படியளந்த மகராசன்களுக்கு

அடேயப்பா பேராண்டி, நல்லாத்தான் எறிஞ்சீங்க! உன் கூட்டாளிக அத்தனை பேரும் பச்சைப் பனியனை மாட்டிக்கிட்டு, கம்மாய்க்கரை மேல வரிசையா நின்னு, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி வெதைப்பந்தை வீசுனதைப் பாக்க ரெண்டு கண்ணு பத்தல. பந்து எங்க போய் விழுந்துச்சுன்னு பாக்க உங்களுக்கு நேரமில்ல. போட்டோ புடிக்கிற தம்பி, "இன்னொருக்கா, சிரிச்ச மொகமா"ன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தான். நான் சும்மாதானே உக்காந்திருந்தேன், பாத்தேன். பாதி சரளைப் பொட்டல்ல விழுந்து உருண்டு ஓடுச்சு. கொஞ்சம் உள்வாயில வெடிச்சுக் கெடந்த கரம்பைப் பாளத்துக்குள்ள எறங்கிருச்சு. மழை பெஞ்சா அங்க ஆளு முங்குற தண்ணி நிக்கும். ஒண்ணு என் வெள்ளாட்டு மண்டையில விழுந்துச்சு. அம்புட்டுப் பந்துலயும் குறி தப்பாம விழுந்தது அது ஒண்ணுதான்.

நீங்க வேன் ஏறிப் போன மறுநாள் ஒரு தூத்தல். பந்தெல்லாம் மேலாக்க நெகிழ்ந்து குடுத்துச்சு. விடியக்காலம் மயிலு மந்தையா எறங்குச்சு. காலால கெளறி, மூக்கால ஒடைச்சு, ஒரு விருந்து முடிச்சுட்டுப் போச்சு. மிச்சத்தை எறும்பு இழுத்துச்சு, எலி உருட்டுச்சு. இத்தனை நாளும் எங்க கடலையத்தான் தோண்டித் தின்னுச்சு அந்த மயிலு. அதுக்குப் படியளந்தீங்களே, அந்தப் புண்ணியம் உங்களைச் சும்மா விடாது.

குத்தம் சொல்றேன்னு நெனைக்காதப்பு. காடு வளக்கணும்னு வந்த புள்ளைகளைக் குத்தம் சொன்னா நாக்கு அழுகிப் போகும். ஆனா சிரிக்கக்கூடாதுன்னு சட்டம் இல்லையில்ல?

இந்தப் பந்து வித்தைய யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு உன் சித்தப்பா மகளக் கேட்டேன். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில படிக்கிறாளே, அவதான். சப்பான்காரரு ஒருத்தராம், மசானபு ஃபுகுவோக்கா. 1913ல பொறந்து 2008 வரைக்கும் இருந்த சம்சாரி. நெல்லைக் களிமண்ணுல உருட்டி வயல்ல போட்டாரு, குருவியும் எலியும் தின்னுறக் கூடாதுன்னு. போட்டதோட விடல, அதுக்கு மேல வைக்கோலைப் பரப்பி மூடுனாரு. அவரு எழுதுன பொஸ்தகத்துக்குப் பேரே 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யாம். நீங்க களிமண்ணை எடுத்துக்கிட்டு வைக்கோலை அவருகிட்டயே விட்டுட்டு வந்துட்டீங்க!

சரி, பந்துக்குள்ள என்னதான் வச்சிருக்கீகன்னு சரளையில கெடந்ததுல நாலைஞ்சைப் பொறுக்கியாந்து அம்மிக்கல்லுல ஒடைச்சேன். ஒண்ணுல வேப்பமுத்து. பருப்பை நகத்தால கீறிப் பாத்தா பழுப்பேறிக் கெடந்துச்சு. வேப்பம்பருப்பு பச்சையா இருக்கிற வரைக்கும்தான் அதுல உசுரு. பழுப்பேறிப் போச்சுன்னா செக்குக்குப் போடு, மண்ணுக்குப் போடாதே. இன்னொண்ணுல இலுப்பைக்கொட்டை. அது பாவம், களிமண்ணு ஈரத்தைக் கண்டதும் மழைதான் வந்துருச்சுன்னு நம்பி, அரை விரக்கடைக்கு வேரு நீட்டியிருக்கு. நீங்க அந்தப் பந்தை எடுத்து மொட்டை மாடியில காயப் போட்டீங்க. நீட்டுன வேரு கருகி நூலா ஒட்டிக் கெடந்துச்சு. மூணாவதுல சூபாபுல். நாலாவதுல செம்மயில்கொன்றை. மெட்ராசு பார்க்குல பொறுக்குனதா அப்பு? 'நாட்டு மரம் காப்போம்'னு பனியன்ல எழுதியிருந்துச்சு. சூபாபுல்லும் செம்மயில்கொன்றையும் எந்த நாட்டு மரம்னு அதுலயே ஒரு வரி சேத்து எழுதியிருக்கலாம்.

வெதைன்னா எல்லாம் ஒரே சாதின்னு நெனைச்சுட்டீங்க, அதுதான் கோளாறு. இலுப்பை, நாவல் ரெண்டும் ஈர வெதை. மரத்துல இருந்து விழுந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள மண்ணைப் பாக்கணும். காய வச்சா செத்துச்சு. டப்பாவுல மூடி வச்சா பூசணம் பூத்துச்சு. வேம்பு கொஞ்சம் தாக்குப் புடிக்கும், ஆனா அதுவும் மாசக்கணக்குல காத்திருக்காது. வாகை, சரக்கொன்றை, கருவேல், வெள்வேலு இதெல்லாம் வேற பொறப்பு. தோலு கல்லு. வருசக்கணக்குல மூட்டையில தூங்கும், எறிஞ்ச எடத்துலயும் தூங்கும். அதைத் தட்டி எழுப்பணும். கொதிச்ச தண்ணிய அடுப்பை விட்டு எறக்கி, அதுல வெதையைக் கொட்டி, ராத்திரி பூரா அப்படியே விடு. விடிஞ்சு பாத்தா உப்பியிருக்கும். இதே வைத்தியத்தை வேப்பமுத்துக்குப் பண்ணி வைக்காதே, வெந்து போகும். சொல்லி வைக்கிறேன், ஏன்னா நீங்க பண்ணக்கூடிய ஆளுகதான்.

இன்னொரு சூச்சுமம் இருக்கு. கல்லுத்தோலு வெதை அம்புட்டுக்கும் கொதிதண்ணி காட்டிறாதே. பாதிக்குக் காட்டு, பாதியை அப்படியே போடு. எழுப்பிவிட்ட வெதை மொத மழைக்கே மொளைச்சிரும். அதுக்கப்புறம் இருவது நாளு வானம் பாக்கலன்னா மொத்தமாப் போச்சு. எழுப்பாத பாதி உள்ள கெடந்து அடுத்த மழைக்கோ அடுத்த வருசத்துக்கோ முழிக்கும். மானாவாரிச் சம்சாரி எவனும் வீட்டுல இருக்கிற வெதைநெல்லை ஒரே நாள்ல காலி பண்ண மாட்டான்.

எந்த மாசம் வந்தீங்க? ஆடி. ஆடிப்பட்டம் தேடி வெதைன்னு காலண்டர்ல போட்டிருந்துச்சாக்கும்! அது சரியான பேச்சுத்தான், எல்லா ஊருக்கும் இல்ல. எங்க சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் வருசத்து மழையில பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையிலதான். ஆடியில இங்க காத்துதான் அடிக்கும். நாங்க நெல்லையே புரட்டாசியில புழுதி வெதைப்பாப் போட்டுட்டு மேகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். நெல்லுக்கு இருக்கிற மரியாதைய மரத்துக்கும் குடுக்கலாமில்ல?

இங்கதான் ஒரு முடிச்சு இருக்கு. வேம்பும் நாவலும் இலுப்பையும் பழுத்து விழுறது ஆனி ஆடியில. மழை வர்றது ஐப்பசியில. நடுவுல மூணு மாசம். அதுவரைக்கும் அந்த வெதை உசுரோட இருக்காது. அதனால இலுப்பையும் நாவலும் விழுந்த கையோட நாத்தாப் போட்டு வச்சுக்க, ஐப்பசி ஈரத்துல நட்டுக்கலாம். இல்ல, ஆத்தங்கரை, கம்மாய்க்கரைன்னு கோடையிலயும் ஈரம் கசியுற எடமாப் பாத்து அப்பவே பொதைச்சிரு. வேம்பை நீ கவலைப்படவே வேண்டாம். பழத்தைத் தின்னுட்டு மைனாவும் காக்காயும் அந்த வேலையப் பாத்துக்கிரும். பொட்டல்ல நாலு காஞ்ச கெளைய ஊனி வை, வந்து உக்காந்து எச்சம் போடும். சம்பளம் கேக்காத ஆளுக. ஆல், அரசு, அத்தி மூணுக்கும் வெதை பொடிப்பொடி. அதை மண்ணுல தூவுறது வீண் வேலை. ஆலம்போத்து ஒண்ணை வெட்டி ஊனு, போதும்.

பனையப் பத்தித் தனியாச் சொல்லணும். பனங்கொட்டைய ஊனுறீங்க பாரு, அதுல மட்டும் நான் வாயத் தொறக்க மாட்டேன். அது நேரா மண்ணுலயே போட வேண்டிய சாதி. மொளைச்சதும் மேல வராது, மொதல்ல கீழ எறங்கும். கெழங்குக்குப் போட்ட பாத்தியத் தையில தோண்டிப் பாத்தா தெரியும், எம்புட்டு ஆழத்துக்கு எறங்கியிருக்குன்னு. அதைப் பையில வளத்துப் பேத்து நடுறது பெரும்பாடு. ஆனா கரை மேல கொட்டையக் கொட்டிட்டுப் போறதுக்குப் பேரு ஊனுறது இல்ல, எறக்கி வைக்கிறது. ஒரு சாண் குழி வெட்டு. கண்ணு கீழ பாத்திருக்கணும். மண்ணைத் தள்ளி மிதி.

இப்ப ஒரு கேள்வி கேக்குறேன், யோசிச்சுச் சொல்லு. நம்ம சில்லாவுல நேரடி வெதைப்புல செயிச்ச மரம் எது? இன்னிக்கு ஒருத்தனும் அதுக்கு நாத்து விடுறதில்ல, பந்து உருட்டுறதில்ல, மந்திரி வந்து தொடங்கி வைக்கிறதில்ல. ஆனா கம்மாய், புஞ்சை, ரோட்டோரம் எல்லாம் அதுதான் நிக்குது. சீமைக்கருவேல். 1877 வாக்குல ஜமைக்காவுல இருந்து கடப்பைப் பக்கம் கொண்டாந்ததா எழுதி வச்சிருக்காங்களாம். 2017ல மதுரை ஐகோர்ட்டு வேரோட புடுங்குன்னு சொல்லுச்சு. அதே வருசம் அதுக்கொரு தடையும் வந்துச்சு. மரம் ரெண்டு உத்தரவையும் வாங்கிக்கிட்டு இன்னமும் நிக்குது.

அது எப்படிச் செயிச்சதுன்னு தெரியணும்னா ஆட்டுக்குப் பின்னால ஒரு நாள் நடந்து பாரு. நெத்து இனிப்பு. ஆடு விரும்பித் திங்கும். உள்ள இருக்கிற கொட்டைக்குக் கல்லுத்தோலு. ஆட்டு வயித்துல கெடந்து தோலு எளகும். அப்புறம் புழுக்கையோட கீழ விழும், எருவும் கூடவே. ஆட்டுக்குளம்பு மிதிச்சு மண்ணுக்குள்ள அமுக்கும். மழை பெஞ்சா மொளைக்கும். மொளைச்ச கன்னோட எலை கசப்பு, அதை அதே ஆடு தொடாது. தோலை எளக்கியாச்சு, எரு வச்சாச்சு, மண்ணுக்குள்ள பொதைச்சாச்சு, கடிபடாமக் காவலும் போட்டாச்சு. நீங்க இத்தனை பேரு சேந்து செய்யாததை ஒரு ஆட்டுக்கிடை ராத்திரியோட ராத்திரியா முடிச்சிருது.

அட, அப்ப அந்த வேலைய நம்ம நாட்டுமரத்துக்கும் செய்யச் சொல்லுவோமே! நாட்டுக்கருவேல நெத்தும் வெள்வேல நெத்தும் ஆட்டுக்குப் பிடிக்கும். கிடைக்குள்ள படுத்து அசை போடும்போது கொட்டையத் துப்பும், மிச்சம் புழுக்கையில வரும். கிடை போடுற நம்ம கீதாரிகிட்டச் சொல்லி, விடியக்காலம் கிடையக் கூட்டி அள்ளுனா மொளைப்புக்குத் தயாரான வெதை மூட்டையாக் கெடைக்கும். கொதிதண்ணி கூட வேண்டாம். கீதாரியக் கூப்புட்டு உக்கார வச்சு ஒரு டீ வாங்கிக் குடுங்கப்பு. எப்படியும் பின்னால மொளைச்ச கன்னைக் காப்பாத்த அந்த ஆளு தயவு வேணும். நீங்க பந்து எறிஞ்ச அன்னிக்கு அவரைப் பாத்ததும் "ஏங்க, ஆட்ட ஓட்டுங்க, வீடியோவுல விழுது"ன்னீங்க.

உன் சித்தப்பா மக போன்ல இன்னொண்ணும் காமிச்சா. பிரேசில்ல ஷிங்குன்னு ஒரு ஆறாம். அது பொறக்குற பக்கத்துக் காட்டையெல்லாம் அழிச்சு சோயாவும் மாட்டுப்புல்லும் போட்டுட்டாங்களாம். தண்ணி கெட்டுப்போச்சுன்னு பழங்குடிச் சனம் சத்தம் போட்டுச்சு. 2007ல வெதை பொறுக்குறதுக்குன்னே ஷிங்கு வெதை வலையமைப்புன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. காட்டுச் சனமும் சின்னச் சம்சாரிகளும் வெதை பொறுக்கிக் குடுப்பாங்க, காசு வாங்குவாங்க. பல மரத்து வெதைய மணலோட கலந்து, சோயா வெதைக்கிற மிசினை வச்சே நெலத்துல வெதைச்சிருவாங்களாம். அந்தக் கலப்புக்கு முவுக்கான்னு பேரு. கலப்புல என்னம்மா இருக்குன்னு கேட்டேன். அவ வாசிச்சதும் நிமிந்து உக்காந்தேன். துவரை! சணப்பு!

துவரை சரசரன்னு வந்து நெழலு குடுத்துப் புல்லை அமுக்கிரும். ரெண்டு மூணு வருசத்துல அது ஆயுசு முடிஞ்சு சாயும்போது வேகமா வளர்ற மரம் தலை தூக்கியிருக்கும். நெடுங்காலத்து மரம் அதோட நெழல்ல மெதுவா வரும். நம்ம வரப்போரத்துல நிக்கிற துவரைய வச்சு அங்க காடு வளக்குறான். நீங்க சப்பான்ல இருந்து பந்தைக் கொண்டாந்தீங்க. நம்ம பக்கம் சந்தனக் கன்னுக்கு நாத்தாங்கால்லயே தொணைக்குத் துவரை வைக்கிற வழக்கம் உண்டு. சந்தன வேரு தனியா நின்னு பொழைக்காது, பக்கத்து வேருல தொத்தி உறிஞ்சும். ஆக, துவரைக்கு மரம் வளத்த அனுபவம் ஏற்கெனவே இருக்கு.

ஆனா ஏமாந்துறாதே. அந்தப் பிரேசில்காரன் வெதைய வெட்டாந்தரையில தூவல. உழுது, புல்லை அடக்கி, வெதைச்சான். உலகம் பூரா நடந்த சோதனைகளைக் கூட்டிப் பாத்தவங்க கணக்கையும் பேத்தி சொன்னா. நாத்து நட்டா பாதிக்கு மேல பொழைச்சிருதாம். நேரா வெதைச்சா பெரும்பாலும் நூத்துக்கு இருவதைத் தாண்டுறதே இல்லையாம். அதுவும் ஒழுங்காச் செஞ்சவங்களுக்கு. எறிஞ்சவங்க கணக்கு அதுல வராது. அப்ப நேரடி வெதைப்பு மட்டமான்னு கேப்ப. மட்டமில்ல. பையில வளந்த நாத்துக்கு ஆணிவேரு அடியில முட்டிச் சுருண்டுக்கும். போட்ட எடத்துலயே மொளைச்ச மரத்துக்கு வேரு நேராப் போகும், கோடைய அது தாங்குற தாங்கலே வேற. தண்ணி லாரி, பாலித்தீன் பை, தூக்குகூலி எதுவும் கெடையாது. செலவு கொறைவுங்கிறதால தாராளமாப் போடலாம், போறது போக மிஞ்சும்.

எங்க போடணும்? பொட்டல் நடுவுல இல்லப்பு. சங்கஞ்செடி, சூரை, காரைப் புதரு நிக்குது பாரு, அதுக்கு அடியில. உங்க கண்ணுக்கு அது முள்ளு. கன்னுக்கு அதுதான் வேலி, அதுதான் குடை, உதிர்ந்த எலையால அங்க மண்ணும் பொலபொலன்னு இருக்கும். புதரை வெட்டிச் சுத்தம் பண்ணிட்டு மரம் வைக்கிறேன்னு போன மாசம் ஒரு கூட்டம் வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல, கும்புட்டு அனுப்பிச்சேன். கடப்பாரையால ஒரு குத்து, மண்ணு நெகிழணும். வெதை எம்புட்டுத் தண்டியோ அதுல ரெண்டு மடங்கு ஆழம், அதுக்கு மேல வேண்டாம். குழிக்கு மூணு நாலு வெதை. மண்ணைத் தள்ளி, குதிங்காலால ஒரு மிதி. மேல ஒரு கைப்பிடி சருகு. மயிலு கண்ணுக்குத் தெரியாது, ஈரமும் நிக்கும். புங்கங்கொட்டை கணக்காப் பெரிய வெதைக நேரடி வெதைப்புக்கு நல்லா ஒத்துழைக்கும். உள்ள கட்டுச்சோறு நெறைய இருக்கும், பத்து நாளு தாங்கும். பொடி வெதைக்கு அந்த வசதி இல்ல.

வெதைக்கு மெட்ராசு பார்க்குக்குப் போகாதீங்க. அய்யனாரு கோயில் காட்டுக்குப் போங்க. வீரை, காசா, உலக்கைப்பாலை, ஆத்தி எல்லாம் சாமிக்குப் பயந்து வெட்டாம விட்டதால இன்னும் நிக்குது. இந்த மண்ணையும் இந்த வெயிலையும் தலைமுறையாப் பாத்த மரம். பூசாரிகிட்டக் கேட்டுட்டு எடுங்க. ஒரே மரத்தடியக் கூட்டி அள்ளிட்டு வந்துறாதீங்க. பல மரத்துல கொஞ்சங்கொஞ்சமா எடுங்க. அங்க மொளைக்கிறதுக்கும் மிச்சம் விடுங்க. மூட்டை கட்டுறதுக்கு முன்னால பத்து வெதைய வெட்டிப் பாருங்க, இன்னொரு பத்தை ஈரச்சாக்குல சுத்தி வச்சு மொளைப்புப் பாருங்க. வெதைநெல்லுக்கு எங்க ஆத்தா செஞ்சதுதான், விஞ்ஞானம் ஒண்ணும் கெடையாது.

வெட்டவெளி எல்லாம் காடு அழிஞ்ச எடம்னு நெனைக்கிற சீக்கு ஒண்ணு உங்களுக்கு இருக்கு. மேச்சக்காடு மேச்சக்காடாவே பொறந்தது. வல்லநாட்டு வெளிமானுக்குப் புல்லும் திறந்தவெளியும் வேணும், நீ அங்க போய் வாகை வெதைச்சா அது எங்க ஓடும்? ஊட்டி மலைப் புல்வெளிய வெள்ளக்காரன் சும்மா கெடக்குற நெலம்னு நெனைச்சு வாட்டிலும் தைலமரமும் நட்டான். அந்த வாட்டிலை இன்னமும் புடுங்கி முடியல. ஒரு எடத்துல மரம் இருந்துச்சான்னு ஊர்ல கெழவன் கெழவியக் கேளு. கொஞ்சம் பொய்யும் சேத்துச் சொல்லுவோம், ஆனா மரத்தைப் பத்திப் பொய் சொல்ல மாட்டோம்.

வெதைச்சுட்டு வேன் ஏறிட்டாலும் ஆகாது. கார்த்திகையில மொளைச்ச கன்னைச் சுத்திப் புல்லு மண்டும். தையில வந்து களைக்கொத்தியால ஒரு மொழச் சுத்துக்குச் செதுக்கி, அதே புல்லை மூடாக்காப் போடணும். அடுத்த வருசமும் இதே வேலை. கன்னுக்குப் பக்கத்துல ஒரு குச்சிய ஊனி வைக்கணும், இல்லன்னா களையையும் கன்னையும் சேத்துச் செதுக்கிருவீக. உங்க கைய நான் பாத்திருக்கேன்.

லட்சம் பந்து வீசினோம்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு, உன் பாட்டி வெட்டி வச்சிருக்கா. எறிஞ்ச கணக்கு கொட்டை எழுத்துல இருக்கு. மொளைச்ச கணக்கை ஒருத்தனும் கேக்கல, நீங்களும் சொல்லல. வர்ற புரட்டாசி கடைசியில வாங்கப்பு. பனியன் எந்தக் கலரா இருந்தாலும் சரி, ஆளுக்கொரு கடப்பாரையும் நல்ல செருப்பும் கொண்டாங்க. சோறு நம்ம வீட்டுல. வெதைச்ச அன்னிக்குப் பேப்பர்காரனைக் கூப்புட வேண்டாம். ஒரு சித்திரை வெயிலு போகட்டும், அடுத்த சித்திரையும் போகட்டும். அதுக்கப்புறம் குச்சி குச்சியாப் போய் உசுரோட நிக்கிற கன்னை எண்ணுங்க. எத்தனை நிக்குதோ, அந்த எண்ணிக்கையப் பேப்பருக்குக் குடுங்க.